350-ஆ, 200-ஆ? தீவிர மனநோயுள்ள ஒருவரின் இரண்டு இடமாற்றங்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு நோயாளி மருத்துவமனையிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்குத் திரும்புகிறார். மருத்துவமனை கொடுத்த தாளில் மனநோய் மருந்தான குளோசபின் 200 மி.கி. என்று இருக்கிறது. இல்லத்தின் சொந்தக் கோப்பில் 350. இரவுப் பணி நர்ஸின் கையில் இரண்டும் இருக்கின்றன. எது சரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த நேரத்தில் ஆள் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரே மனிதருக்கு அப்படியே நடந்த கதை இல்லை. தீவிர மனநோயுள்ளவர்கள் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே போய் வரும்போது திரும்பத் திரும்ப நடக்கிற விஷயங்களை ஒருவர் மேல் ஏற்றி அமைத்த நிகழ்வு. மருந்துகளின் செயல்பாடு பற்றிச் சொல்வதெல்லாம் அறியப்பட்ட மருத்துவத் தகவல்கள்.

அவர் யார்

வயது 63. இருபதுகளின் தொடக்கத்திலிருந்தே ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). மற்ற மருந்துகள் பலிக்காமல் குளோசபினுக்கு வந்து, அதில் நிலைப்பட்டவர். ஒரு பக்கவாதத்துக்குப் பிறகு வலது கால் பலவீனமானதால் நான்கு ஆண்டுகளாக இல்லத்தில் இருக்கிறார். சர்க்கரை நோய் உண்டு. தினமும் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்.

கோப்பில் இவ்வளவுதான் இருக்கும். அவருடன் தினமும் பழகும் உதவியாளருக்குத் தெரிந்தது வேறு. அவருக்கு ஒரு குரல் கேட்கும். மாலை வேளைகளில் அது அவரைக் கேலி செய்யும், இவரும் விடாமல் பதில் சொல்வார். பார்க்கிறவர்களுக்குப் பதற்றமாக இருக்கலாம், அவருக்கு அது பழகிப்போன ஒன்று. இல்லாத உருவங்கள் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. ரத்தம் எடுக்க வருபவர் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அமைதியாகக் கையை நீட்டுவார், சொல்லாமல் ஊசியோடு வந்து நின்றால் தட்டிவிடுவார். தண்ணீரை அவர் கண் முன்னாலேயே ஊற்றித் தர வேண்டும். குளியலைக் காலையில் வைத்தால் மறுப்பார், மதியம் வைத்தால் சம்மதிப்பார்.

இதில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை.

முதல் இடமாற்றம்

காய்ச்சல், இருமல், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு. இரவில் ஆம்புலன்ஸ். கூடவே போன தாளில் நோய்களின் பட்டியலும் மருந்துப் பட்டியலும் இருந்தன. அப்புறம் ஒரு வரி: “தனக்குத்தானே பேசுவார், ஆக்ரோஷமாகலாம்.” அந்த ‘ஆக்ரோஷம்’ நான்கு ஆண்டுகளுக்கு முன், அவர் இல்லத்தில் சேர்ந்த வாரத்தில் ஒருமுறை நடந்தது. அதன்பின் ஒவ்வொரு தாளிலும் நகலாகி வந்துகொண்டே இருக்கிறது.

அவசரப் பிரிவில் அவர் போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பூச்சிகள் ஊர்வதாகச் சொன்னார். மனநோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டி, கிளர்ச்சியை அடக்க ஹாலோபெரிடால் என்ற இன்னொரு மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் காலை வார்டு மருத்துவர்தான் டெலிரியம் என்று கண்டுபிடித்தார்: நிமோனியாவும் ஆக்ஸிஜன் குறைவும் சேர்ந்து உண்டாக்கிய திடீர் மனக்குழப்பம். சில மணி நேரத்தில் தொடங்கியது, கவனம் நிற்காமல் அலைந்தது, நேரத்துக்கு நேரம் மாறியது, கண்ணுக்கு உருவங்கள் தெரிந்தன. எல்லாமே டெலிரியத்தின் பக்கம் கை காட்டுபவை. இவருக்கு இதுவரை குரல் மட்டுமே கேட்டிருக்கிறது, உருவம் தெரிந்ததில்லை என்ற ஒரே ஒரு தகவல் கையில் இருந்திருந்தால் அன்றிரவே சந்தேகம் வந்திருக்கும். உடல் நோயின் அறிகுறியை மனநோயின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கம் புதிதல்ல. ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு இதய நோய், நுரையீரல் நோய் போன்ற உடல் நோய்களால்தான்.

அடுத்தது குளோசபின். இந்த மருந்து அரிதாக ரத்தத்தின் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975-ல் ஃபின்லாந்தில் அதனால் ஏற்பட்ட மரணங்களுக்குப் பிறகு பல நாடுகளில் கைவிடப்பட்டு, பின்னால் கட்டாய ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்த மருந்து இது. அதனால் மருந்தகம் சமீபத்திய பரிசோதனை முடிவைக் கேட்டது. பரிசோதனை ஒரு வாரம் முன்புதான் நடந்திருந்தது. ஆனால் அந்தத் தாள் இல்லத்தின் வேறொரு கோப்பில் இருந்தது. அது கைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இரவுகளின் மருந்து தவறிவிட்டது.

மூன்றாம் நாள் பயிற்சி மருத்துவர் வழக்கமான 350-ஐ எழுதினார். மருந்தாளுநர் ஒரு கேள்வி கேட்டார்: “கடைசியாக எப்போது சாப்பிட்டார்?” குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் தவறினால் பழைய டோஸை அப்படியே தொடங்கக் கூடாது. உடல் அதன் பழக்கத்தை இழந்துவிடும். முழு டோஸ் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், இதயத் துடிப்பு குறையலாம், வலிப்பும் வரலாம். மீண்டும் 12.5 மி.கி.யில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினார்கள். இந்த நிகழ்வு முழுவதிலும் சரியான நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

200-ஐத் தொட்டதும் ஆலோசனைக்கு வந்த மனநல மருத்துவர் அங்கேயே நிறுத்தச் சொன்னார். காரணத்தோடுதான் சொன்னார், குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எண் மட்டும் வந்தது, காரணம் வரவில்லை. முதல் இரவின் அவசரத்துக்குக் கொடுத்த ஹாலோபெரிடாலும் ‘கிளர்ச்சிக்கு, தினம் இரு வேளை’ என்று நிரந்தர மருந்தாகப் பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. கிளர்ச்சி அடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையும் அதன் பின்னும்

இரவு நர்ஸ் மருத்துவமனைக்கு ஃபோன் செய்தார். வார்டில் பணி மாறியிருந்தது. எடுத்தவருக்கு நோயாளியைத் தெரியாது. அவசரத்துக்கு இல்லம் ஃபோனில் அழைக்கும் மருத்துவர், அவரும் நோயாளியைப் பார்த்ததில்லை, “பல வருஷமாக 350-ல்தானே நன்றாக இருந்தார்? அதையே கொடுங்கள்” என்றார். அவர் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. 200 என்பது எழுத்துப் பிழையாகவோ பாதியில் நின்ற ஏற்றமாகவோ இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும்.

அவர்களுக்குத் தெரியாமல் போனது சிகரெட் விஷயம். மருத்துவமனையில் புகைக்க முடியாததால், சிகரெட்டுக்குப் பதிலாகத் தோலில் நிக்கோட்டின் பட்டை ஒட்டியிருந்தார்கள். இல்லத்துக்குத் திரும்பிய பிறகும் முற்றத்துக்கு நடந்து போகத் தெம்பில்லாததால் பட்டையே தொடர்ந்தது. எல்லோரும் இதை நல்ல செய்தியாகத்தான் பார்த்தார்கள்.

திங்களன்று தூக்கம் அதிகம், தலையணை முழுக்க எச்சில். “ஐயா ஐயா மாதிரியே இல்லை” என்று உதவியாளர் சொன்னார். புது மருந்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. மாலையில் அவர் குரலோடு பேசவே இல்லை. அதை முன்னேற்றம் என்றுகூட ஒருவர் சொன்னார். மலம் போய் நான்கு நாள் ஆனதை யாரும் கணக்கு வைக்கவில்லை. புதன்கிழமை எழுந்து நிற்கும்போது விழுந்தார். வயிறு உப்பியிருந்தது, வாந்தி. மறுபடியும் ஆம்புலன்ஸ்.

குளோசபினின் ரத்த அளவு 1000 நானோகிராமைத் தாண்டியிருந்தது. மருந்து வேலை செய்ய மில்லிலிட்டருக்கு 350 நானோகிராம் வாக்கில் இருந்தால் பொதுவாகப் போதும். 1000-க்கு மேல் போனால் வலிப்பு அபாயம் கூடும். குடலில் மலம் கல்லாக இறுகியிருந்தது, நல்லவேளையாகக் குடல் முழுதாக நின்றுபோகவில்லை.

புகையும் கல்லீரலும்

சிகரெட் புகையில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியைத் தூண்டிவிடுகின்றன. குளோசபினை உடைப்பதில் முக்கியப் பங்கு அந்த நொதிக்குத்தான். அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படும். புகை நின்றால் சில நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்குள் அந்தத் தூண்டல் அடங்கிவிடும். அதே டோஸில் ரத்த அளவு ஒன்றரை மடங்கோ சிலருக்கு இரண்டு மடங்கோ ஆகலாம். இந்தத் தூண்டலுக்குக் காரணம் புகை, நிக்கோட்டின் அல்ல. எனவே பட்டை ஒட்டினாலும் அளவு ஏறத்தான் செய்யும். கடுமையான தொற்றும் அழற்சியும் இதே நொதியை அடக்குகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஃப்ளூவாக்சமைன் என்ற மனச்சோர்வு மருந்து போன்றவையும் அப்படியே.

350 என்பது தினம் ஒரு பாக்கெட் புகைக்கிற மனிதருக்கான டோஸ். புகைக்காத அதே மனிதருக்கு அது கிட்டத்தட்ட வேறு மருந்து. மனநல மருத்துவர் 200-ல் நிறுத்தியது இதற்காகத்தான்.

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். இடமாற்றத்தில் மருந்துப் பட்டியல் தொலைந்து போவதில்லை. இங்கேகூட இரண்டு பட்டியல்கள் இருந்தன. தொலைந்தது அந்த மனிதரின் வழக்கமான நிலை. எவ்வளவு புகைப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் போகும், அவருடைய குரல் எப்போது பேசும், எப்போது பேசாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். டோஸ் அந்த வழக்கத்தைச் சார்ந்தது. வழக்கத்தைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால், பெற்றுக்கொள்பவர் எண்ணுக்குத் தன் ஊகத்தில் ஒரு காரணம் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

மலச்சிக்கலைச் சாதாரணமாக எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல்: குளோசபின் குடல் அசைவையே மந்தமாக்குகிறது, அதனால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் இதற்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஹாலோபெரிடால் உண்டாக்கும் தசை இறுக்கத்தைத் தணிக்க ட்ரைஹெக்சிஃபெனிடில் என்ற மருந்தைச் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். அது குடலை இன்னும் மந்தமாக்கும். இவருக்கு யாரும் அதைச் சேர்க்கவில்லை.

மற்ற மருந்துகளிலும் இதே சங்கதிதான். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் எடுப்பவருக்கு நீரிழப்பு, சில ரத்த அழுத்த மாத்திரைகள், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமே ரத்த அளவை ஏற்றிவிடும். டோஸ் மாறாமலேயே நஞ்சாகும். மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசி இன்னும் வினோதமானது. மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அதற்கான தேதி வராவிட்டால் அது எந்தத் தினசரிப் பட்டியலிலும் தென்படாது. வீடு திரும்பும்போது ‘ஆன்டிசைக்காட்டிக் (மனநோய் எதிர்ப்பு மருந்து) எதுவும் இல்லை’ என்றாகி, தேதி தாண்டிப் போய்விடும்.

எதிர்த் திசையில் நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-ல் அமெரிக்காவில் பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்தது. சரியான எச்சரிக்கை. ஆனால் முதியவர், இல்லம், ஆன்டிசைக்காட்டிக் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தவுடன் குறைக்கத் துடிப்பவர்களும் இருக்கிறார்கள், நாற்பது ஆண்டு ஸ்கிசோஃப்ரினியா உள்ளவருக்கும் கூட. அங்கேயே, எத்தனை பேருக்கு இந்த மருந்துகள் தரப்படுகின்றன என்று பார்க்கும் இல்லங்களின் தரக் கணக்கீட்டில் ஸ்கிசோஃப்ரினியாவுக்கு விலக்கு இருந்ததால், அந்த நோயே இல்லாதவர்களுக்கும் அந்தப் பெயரை எழுதும் போக்கு எழுந்தது. 2023-ல் அரசு இதற்கான தணிக்கையை அறிவித்தது. ஆகவே நோயின் பெயரை எழுதும்போது அதை எப்போது, எந்த மனநல மருத்துவர் கண்டறிந்தார் என்பதையும் சேர்ப்பது நல்லது. ஒரு வரிதான் ஆகும்.

இரண்டாவது இடமாற்றம்

இம்முறை வேலை டிஸ்சார்ஜுக்கு நான்கு நாள் முன்பே தொடங்கியது. மருத்துவமனை மருந்தாளுநர் ஒவ்வொரு மருந்தின் எதிரிலும் ஒரு வாக்கியம் எழுதினார். குளோசபின்: “200. முன்பு 350. புகை நின்றதால் குறைத்தது. பழைய டோஸுக்குத் திரும்ப வேண்டாம்.” ஹாலோபெரிடால்: “நிறுத்தப்பட்டது. டெலிரியத்துக்காகத் தற்காலிகமாகக் கொடுத்தது.” மலமிளக்கி: “தினமும், நிறுத்தாமல்.” கடைசி ரத்தப் பரிசோதனையின் தேதி, முடிவு, அடுத்ததன் தேதி மூன்றும் அதே தாளில் இருந்தன.

இல்லத்தின் உதவியாளர் ஒரு மதியம் வார்டுக்கு வந்தார். இதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் போனால் அங்கே ஆள் குறையும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வார்டு நர்ஸ்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது எந்தப் படிவத்திலும் வந்திருக்காது. தண்ணீரைக் கண் முன்னால் ஊற்றியதும் அவர் நன்றாகக் குடிக்க ஆரம்பித்தார். உதவியாளர் சொன்னவற்றை ஒரே பக்கத்தில் எழுதினார்கள். ‘ஆக்ரோஷமாகலாம்’ என்ற வரி போய், “சொல்லாமல் தொட்டால் கையைத் தட்டுவார்; முந்தின நாள் சொன்னால் ஒத்துழைப்பார்” என்று வந்தது.

அந்தப் பக்கத்தை அவரிடமே படித்துக் காட்டினார்கள். பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை இது. அவர் ஒரு திருத்தம் சொன்னார்: குரல் கேட்பது தொந்தரவில்லை, அது இரண்டு பேராக ஆகும்போதுதான் பயம். நாற்பது ஆண்டு நோயின் முன்னெச்சரிக்கை அறிகுறி அன்றுதான் முதன்முறையாக எழுத்தில் ஏறியது.

புகைப்பதைப் பற்றியும் அவரிடம் நேரடியாகவே பேசினார்கள். மறுபடி தொடங்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தொடங்கினால் அன்றே சொல்லிவிட வேண்டும், யாரும் திட்ட மாட்டார்கள் என்பதே ஏற்பாடு. திட்டு விழும் என்றால் மறைப்பார். மறைத்தால் ரத்த அளவு ஓசையில்லாமல் சரியும்.

டிஸ்சார்ஜ் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதற்கு முன் வார்டு நர்ஸ் இல்லத்தின் பகல் நர்ஸை அழைத்து, தாளை வைத்துக்கொண்டே பேசினார். கேட்டவர் மருந்துகளைத் திரும்பச் சொல்லிக் காட்டினார். வெள்ளி மாலை டிஸ்சார்ஜைத் தவிர்ப்பது மட்டுமே எத்தனையோ சிக்கலைக் குறைக்கும். படுக்கைக்காக எப்போதும் நெருக்கடியில் இருக்கும் மருத்துவமனையிடம் அதைக் கேட்பது எளிதில்லை என்பதும் உண்மைதான்.

முதல் 72 மணி நேரம் உதவியாளர் கையில் ஒரு சிறு அட்டவணை இருந்தது: தூக்கம், எச்சில், மலம், படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தம், மாலையில் பேசினாரா. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்த அணுப் பரிசோதனை. மூன்றாம் நாள் மனநல மருத்துவர் வீடியோவில் பார்த்தார்.

இந்த ஏற்பாடுகளுக்கு முன்னோடிகள் உண்டு. எரிக் கோல்மன் உருவாக்கிய இடமாற்றப் பராமரிப்பு முறை நான்கு தூண்களில் நிற்கிறது: மருந்தை நோயாளியே நிர்வகித்தல், அவர் கையில் இருக்கும் நலப் பதிவேடு, தொடர் சந்திப்பு, ஆபத்து அறிகுறிகளை அறிந்திருத்தல். அது நோயாளியையும் குடும்பத்தையும் பயிற்றுவிக்கும் முறை. இல்லத்தில் வாழ்பவருக்கு மருந்தைக் கையாள்வது பிறர் என்பதால் அந்தப் பயிற்சியில் ஒரு பங்கு உதவியாளருக்குப் போக வேண்டும். ஜோசஃப் ஊஸ்லாண்டரின் குழு பராமரிப்பு இல்லங்களுக்காக உருவாக்கிய ‘இன்டராக்ட்’ திட்டத்தில் உதவியாளர் கவனிக்கும் மாற்றத்தை உடனே நர்ஸிடம் சேர்க்க ஒரு எளிய படிவமே உண்டு. “ஐயா மாதிரியே இல்லை” என்ற அந்தத் திங்கள்கிழமை வாக்கியம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

அதற்குப் பிறகு

ஐந்தாம் வாரம் அவர் முற்றத்துக்கு நடக்க ஆரம்பித்தார், சிகரெட்டும் ஆரம்பமாயிற்று. ஏற்பாட்டின்படி அன்று மாலையே சொன்னார். ரத்த அளவு எடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக டோஸை ஏற்றி 275-ல் நிறுத்தினார்கள். முன்பைவிடக் குறைவாகப் புகைப்பதால் அது போதுமாக இருந்தது. குரல் ஒன்றாகவே இருந்தது. புகையை விட உதவலாமா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கிறார்கள், அவர் யோசிக்கிறேன் என்கிறார்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. அவரை நன்கு அறிந்த உதவியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். இத்தகைய இல்லங்களில் ஆட்கள் மாறுவது சகஜம், ஒரு பக்கத் தாள் மட்டும் பழசாகிக்கொண்டே போகும். அதைப் புதுப்பிப்பது யார் வேலை என்று பேசியபோது எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கடைசியில் அதை மாதாந்திர ரத்தப் பரிசோதனையோடு கட்டிவைத்தார்கள். அந்தப் பரிசோதனையை எப்படியும் யாரும் தவறவிட முடியாது. ஊசிக்கு முந்தின நாள் அவரிடம் சொல்லப் போகும் நர்ஸ் அந்தத் தாளையும் எடுத்துப் போய், எதெல்லாம் மாறியிருக்கிறது என்று அவரிடமே கேட்டு எழுதிவிட்டு, தேதியையும் போட்டு வருகிறார்.